அய்யாவோட வங்குப் பலகை

எங்க சின்ன அத்தை கல்யாணம் 1997 ஆவணியில நடந்துச்சு. எனக்கு அப்ப 11 வயசு. தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவுல இருக்குற எங்க ஊர்ல அப்பல்லாம் மண்டபம் கிண்டபம் கிடையாது, வீட்டு வாசல்ல பந்தல், கொல்லையில கோட்டையடுப்பு, ஊரே வந்து உக்காந்து காய் நறுக்கும். முதல் நாள் ராத்திரி விறகு பத்தல. சமையல்காரர் கத்துறாரு, யாரோ ரெண்டு பேரு மாட்டுக் கொட்டாய்ல சாத்தி வச்சிருந்த கட்டை பலகை எல்லாத்தையும் தூக்கிட்டு வந்து அடுப்புல சொருகிட்டாங்க. அதுல எங்க அய்யாவோட வங்குப் பலகையும் போயிருச்சு.

அய்யான்னா எங்க அப்பாவோட அப்பா. ஓடாவி. படகு கட்டுற ஆசாரியை எங்க கரையில ஓடாவின்னுதான் சொல்றது. அவரு கட்டுனது பூராம் வத்தை. பாக் ஜலசந்திப் பக்கம் பாய் விரிச்சு ஓடுன படகு, இன்னைக்கு இருக்குற பிள்ளைகளுக்கு பாய் விரிச்ச வத்தையைக் காட்டணும்னா பழைய போட்டோவுலதான் காட்டணும். அந்தப் பலகை ஆயினிப் பலகை, கதவு அகலம் இருக்கும், அதுல கோடு கோடா வளைவு கீறி இருக்கும், ஒவ்வொரு வளைவு ஓரத்துலயும் உளியால ஒரு வெட்டு, ரெண்டு வெட்டு, மூணு வெட்டு. எனக்கு அது ஏதோ கோலம் மாதிரி தெரியும். படகோட விலா எலும்பு இருக்குல்ல, வங்கு, ஒவ்வொரு வங்கும் எம்புட்டு வளையணும்ங்குறது அம்புட்டும் அந்தப் பலகையில இருந்துச்சுன்னு எனக்கு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுச்சு. அய்யா அந்தக் கல்யாணத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே போய்ச் சேந்துட்டாரு. சித்தப்பா மறுநாள் காலையில கொல்லைப் பக்கம் போயி பாத்தாரு, யாரையும் ஒண்ணும் சொல்லல, சாம்பலைக் கிளறி பலகையில இருந்த ரெண்டு இரும்பு ஆணியை மட்டும் எடுத்து வேட்டியில முடிஞ்சுக்கிட்டாரு. கல்யாண வீட்டுல யாரைப் போயி திட்டுறது.

இதை ஏன் இப்ப எழுதுறேன்னா, போன மாசம் எங்க பாலிடெக்னிக்ல பசங்களுக்கு ஒரு செமினார், "சார் நீங்க டெக்னாலஜி வரலாறு பத்தி ஒரு நாப்பது நிமிஷம் பேசிருங்க"ன்னு மாட்டி விட்டுட்டாங்க. நானும் ராத்திரியோட ராத்திரியா ஸ்லைடு போட்டேன், சக்கரம், அச்சு இயந்திரம், நீராவி எஞ்சின், பல்பு, ராக்கெட், கடைசியா ஏஐ. எல்லாரும் போடுற அதே ஸ்லைடுதான். முடிச்சதும் மண்டபம்ங்குற ஊருப் பக்கம் இருந்து வர்ற ஒரு பையன், வழக்கமா கடைசி பெஞ்சுல தூங்குறவன், எந்திரிச்சு கேட்டான்: "சார், எஞ்சின கண்டுபிடிச்சது இன்னாருன்னு சொன்னீங்க, இந்த மாதிரி வரலாறு எழுதணும்னு முதல்ல யோசிச்சது யாரு சார்?" எனக்கு தெரியல. "நல்ல கேள்வி, அடுத்த தடவை பேசுவோம்"னு சொல்லி டீ குடிக்கப் போயிட்டேன், வாத்தியாருங்க தப்பிக்கிற வழி அது ஒண்ணுதான். ஆனா வீட்டுக்கு வந்தும் மனசு ஆறல. அப்புறம் ஒரு மாசமா கிடைச்ச பிடிஎஃப் எல்லாத்தையும் படிச்சு, கண்ணு ரெண்டும் பூத்துப் போயி, இப்ப இதை எழுதுறேன். டேய் தம்பி, இது உனக்குத்தான்.

காலேஜ்ல உக்காந்து சம்பளம் வாங்கிக்கிட்டு இதைச் செஞ்ச முதல் ஆளுன்னா பொதுவா யோகான் பெக்மன் பேரைத்தான் சொல்றாங்க. ஜெர்மனியில கோட்டிங்கன் பல்கலைக்கழகம், 1739ல பொறந்து 1811ல செத்தவரு. அவரு வரலாற்று வாத்தியாரு இல்ல, பொருளாதார வாத்தியாரு. அந்தக் காலத்துல அங்க அரசாங்க வேலைக்குப் போற பசங்களுக்கு நாட்டுல என்ன தொழில் நடக்குது, எதுக்கு எம்புட்டு வரி போடலாம்னு தெரியணும், அதுக்காக தொழில்களைப் பத்தி பாடம் நடத்த ஆரம்பிச்சாரு. கிளாஸ் ரூம்ல மட்டும் இல்ல, பசங்களைக் கூட்டிக்கிட்டு பட்டறை பட்டறையா போவாராம். 1777ல அதை ஒரு பாடப் புஸ்தகமா போட்டாரு, அதோட தலைப்புலதான் 'டெக்னாலஜி'ங்குற வார்த்தை இன்னைக்கு நாம சொல்ற அர்த்தத்துக்குக் கிட்டத்துல வருது, அதாவது தொழில்களைப் பத்தின படிப்பு. நாம போனை 'டெக்னாலஜி'ன்னு சொல்றோம், அவருக்கு அது பொருள் இல்ல, படிப்பு. 1780ல இருந்து 1805 வரைக்கும் கண்டுபிடிப்புகளோட வரலாறுன்னு அஞ்சு தொகுதி வெளியிட்டாரு. 1797லயே இங்கிலீஷ்ல மொழிபெயர்த்துட்டாங்க.

அந்த இங்கிலீஷ் புஸ்தகத்தோட பொருளடக்கத்தைப் பாத்து நான் சிரிச்சுட்டேன். பெரிய பெரிய மெஷின் எல்லாம் வரும்னு பாத்தா மனுஷன் தக்கை, சோப்பு, புகைக்கூண்டு, குங்குமப்பூ, படிகாரம், வெண்ணெய், கடிதத்துக்கு வைக்கிற அரக்கு, குதிரைச் சேணத்துல கால் வைக்கிற அங்கவடி, தெருவுக்குக் கல் பாவுறது, ஒயின்ல கலப்படம், அடகுக் கடைன்னு எழுதி வச்சிருக்காரு. முத்துக்குளிச்ச கரையில பொறந்த எனக்கு ரெண்டு தலைப்பு கண்ணுல பட்டு நின்னுச்சு: ஒண்ணு கடலுக்கு அடியில ஆளை இறக்குற மூழ்கு மணி, இன்னொண்ணு செயற்கை முத்து. வரிசை கிரிசை ஒண்ணும் கிடையாது, வெண்ணெய்க்குப் பக்கத்துல என்னமோ இருக்கும். ஆனா ஒவ்வொண்ணுக்கும் பழைய கிரேக்க லத்தீன் புஸ்தகம் வரைக்கும் போயி தோண்டி ஆதாரம் கொடுத்திருக்காரு. எனக்கு அந்த ஆளை ரொம்ப புடிச்சுப் போச்சு. நம்ம ஸ்லைடுல தக்கையும் சோப்பும் எங்க இருந்துச்சு?

அவருக்கு முன்னாடி பாரிஸ்ல திதரோன்னு ஒரு எழுத்தாளர். 1751ல இருந்து 1772 வரை வெளிவந்த அந்தப் பெரிய கலைக்களஞ்சியம், 17 தொகுதி எழுத்து, 11 தொகுதி படம். ஊசி செய்யுறது, கண்ணாடி ஊதுறது, கப்பலுக்கு நங்கூரம் அடிக்கிறதுன்னு படம் படமா போட்டுத் தள்ளியிருக்காங்க. திதரோவோட அப்பா லாங்ர ஊர்ல கத்தி செய்யுற கொல்லரு. அந்தப் பிள்ளைக்கு பட்டறைக்காரனோட வேலையையும் புஸ்தகத்துல ஏத்தணும்னு தோணுனதுல ஆச்சரியமே இல்ல. ஆனா அவரே புலம்பியிருக்காரு, தொழிலாளிங்ககிட்ட போயி கேட்டா நல்லா செய்யத் தெரிஞ்சவனுக்கு வாயால சொல்லத் தெரியலன்னு. எங்க சித்தப்பாவைப் பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பாரோ.

அப்புறம் ஒரு நூறு வருஷம் காலேஜ்ல இந்தப் பக்கம் பெருசா யாரும் திரும்பல. 1867ல மார்க்ஸ் மூலதனத்துல ஒரு அடிக்குறிப்புல போற போக்குல எழுதுறாரு, டெக்னாலஜிக்கு ஒரு விமர்சன வரலாறு யாராச்சும் எழுதுனா 18ஆம் நூற்றாண்டோட கண்டுபிடிப்புல எதுவும் தனி ஒருத்தன் வேலை இல்லன்னு தெரிஞ்சு போகும், ஆனா அப்படி ஒரு புஸ்தகம் இது வரைக்கும் வரலன்னு. அடிக்குறிப்புல! எனக்கு அந்தப் புஸ்தகம் முழுக்கப் படிக்கிற தெம்பு இல்ல, அந்த அடிக்குறிப்பை மட்டும் நாலு தடவை படிச்சேன்.

எழுதுனது யாருன்னா இன்ஜினியருங்க. 1909ல ஜெர்மன் இன்ஜினியர் சங்கத்துக்காக கொன்ராட் மாட்சோஸ்னு ஒருத்தரு தொழில்நுட்ப வரலாறுக்குன்னே ஒரு ஆண்டு மலர் ஆரம்பிச்சாரு, மூனிக்ல 1903லயே தொழில்நுட்பத்துக்குன்னு ஒரு மியூசியம் ஆரம்பிச்சாச்சு. இங்கிலாந்துல ஜேம்ஸ் வாட் செத்து நூறு வருஷம்னு 1919ல பர்மிங்காம்ல விழா எடுத்தாங்க, அதுல கூடுனவங்க 1920ல இன்ஜினியரிங் வரலாறுக்குன்னு நியூகோமன் சொசைட்டின்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. எல்லாம் நல்ல காரியம்தான், பழைய மெஷின் பழைய வரைபடம் எல்லாம் இவங்க இல்லன்னா பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். ஆனா நெனச்சுப் பாருங்க, பிறந்தது திதி விழாவுல. அதனால எழுதுனதும் திதி மாதிரியே இருந்துச்சு, முன்னோர் பேரைச் சொல்லி பிண்டம் வைக்கிற மாதிரி, வாட், ஸ்டீபன்சன், இன்னாரு கண்டுபிடிச்சாரு, இன்னாரு மேம்படுத்துனாரு. என்னோட ஸ்லைடு எந்தக் குடும்பத்துல இருந்து வந்துச்சுன்னு இங்கதான் எனக்குப் புரிஞ்சுச்சு.

நம்ம தூக்குப்பாலத்தையே எடுத்துக்கோங்க. 1914 பிப்ரவரியில பாம்பன் பாலம் திறந்தாங்க, நடுவுல ரெண்டா பிரிஞ்சு தூக்குற பாகத்துக்குப் பேரு ஷெர்சர். வெள்ளைக்காரர் ஷெர்சர் வந்து நின்னு கட்டுனாருன்னு ராமேஸ்வரத்துல ஆட்டோக்காரர் ஒருத்தர் எனக்கே சொன்னாரு. ஆனா வில்லியம் ஷெர்சர் சிகாகோக்காரரு, 1893லயே செத்துட்டாரு, பாம்பன் பாலம் திறக்குறதுக்கு 21 வருஷம் முன்னாடி. சிகாகோ ஆத்துல அந்த மாதிரி முதல் பாலம் வந்ததே அவரு செத்ததுக்கு அப்புறம்தான், கம்பெனியை ஓட்டுனது அவரோட சகோதரர். 1964 டிசம்பர் புயல்ல அலை பாலத்தை அடிச்சப்ப கர்டர் எல்லாம் கடலுக்குள்ள போச்சு, ஷெர்சர் பாகம் நின்னுச்சு, ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் தலைமையில 46 நாள்ல சரி பண்ணுனாங்க. கடல்ல கிடந்த கர்டரைத் தேடிக் கண்டுபிடிக்க உதவுனது நம்ம மீனவங்க. அந்தப் பாலத்தை நூறு வருஷமா உப்புக்காத்துல துரு சுரண்டி பெயிண்ட் அடிச்சு, கப்பல் வர்றப்பல்லாம் கையால லிவர் சுத்தித் திறந்த ஆளுங்க பேரு எதுலயும் இல்ல. 2025 ஏப்ரல்ல புதுப்பாலம் திறந்தாச்சு, அது லிஃப்ட் மாதிரி செங்குத்தா தூக்குது, இப்ப யாருக்கும் பழசைப் பத்தி கேக்க நேரம் இல்ல.

சரி, எங்கிட்டோ போயிட்டேன்.

இந்தப் படிப்பு நிஜமா சூடு பிடிச்சது 1929க்கு அப்புறம்னு எனக்குத் தோணுது. அந்த வருஷம் ஹார்வர்டுல அஷர்னு ஒரு பொருளாதார வரலாற்றுக்காரர் இயந்திரக் கண்டுபிடிப்பு பத்தி புஸ்தகம் போட்டாரு, 1934ல மம்ஃபோர்டுன்னு ஒரு அமெரிக்க எழுத்தாளர் போட்டாரு. ஆனா என்னைக் கட்டிப் போட்டது 1935ல பிரான்ஸ்ல மார்க் ப்ளாக்னு ஒரு வரலாற்றுக்காரர் எழுதுன கட்டுரை. தண்ணியில ஓடுற மாவு மில்லு பத்தி. அவரு சொல்றது இதுதான்: தண்ணி மில்லு ரோமானியங்க காலத்துலயே இருந்துச்சு, ஆனா பரவுனது பல நூறு வருஷம் கழிச்சு. அப்ப 'எப்ப கண்டுபிடிச்சாங்க'ங்குறது ஒரு கேள்வியே இல்ல, 'இருந்தும் ஏன் யாரும் பயன்படுத்தல, அப்புறம் ஏன் பயன்படுத்துனாங்க, யாருக்கு லாபம்'ங்குறதுதான் கேள்வி.

அதுல ஒரு கதை வருது, இங்கிலாந்துல செயின்ட் ஆல்பன்ஸ்னு ஒரு ஊரு. அங்க மடத்துக்குச் சொந்தமா மில்லு, ஊர்க்காரங்க எல்லாரும் அங்கதான் வந்து காசு கொடுத்து அரைக்கணும். ஊர்க்காரங்க வீட்டுல கைத்திருகை வச்சு ரகசியமா அரைச்சுக்கிட்டாங்க. மடாதிபதி 1331ல வீடு வீடா பூந்து திருகைக் கல்லு எல்லாத்தையும் பிடுங்கிட்டு வந்து மடத்துல தரைக்கு தளமா பாவிட்டாரு. அம்பது வருஷம் கழிச்சு 1381ல பெரிய விவசாயிகள் கலகம் வருது, ஊர்க்காரங்க மடத்துக்குள்ள பூந்து அந்தத் தரையைப் பேத்து கல்லை உடைச்சு ஆளுக்கு ஒரு துண்டு கோயில் பிரசாதம் மாதிரி எடுத்துட்டுப் போனாங்க. அம்பது வருஷம்! பேரன் காலத்துலயும் யாருக்கும் மறக்கல பாருங்க. இதுல எனக்கு தூக்கிவாரிப் போட்டது என்னன்னா, அந்த மடாதிபதி பேரு ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்ட், கடிகார வரலாறு எந்தப் புஸ்தகத்தை எடுத்தாலும் இவரு ஒரு ஹீரோ, சூரியன் சந்திரன் போக்கு எல்லாம் காட்டுற மாபெரும் கடிகாரம் செஞ்சவரு. அங்க மேதை, இங்க திருகை திருடுனவரு. ரெண்டும் ஒரே ஆளுதான். ரெண்டையும் ஒரே பக்கத்துல எழுதத் தெரிஞ்சா அது வரலாறு, ஒண்ணை மட்டும் எழுதுனா அது என் ஸ்லைடு.

எங்க அப்பத்தா கிட்ட இந்தக் கதையைச் சொன்னேன், 90 வயசு இருக்கும், காது பாதிதான் கேக்கும். "கல்லைப் பிடுங்கிட்டா பொம்பளைக சும்மாவா இருந்தாளுக?"ன்னு கேட்டுச்சு. புஸ்தகத்துல அது இல்ல அப்பத்தா.

ப்ளாக்கை 1944 ஜூன்ல நாஜிங்க சுட்டுக் கொன்னுட்டாங்க, எதிர்ப்பு இயக்கத்துல இருந்ததுக்காக. போருக்கு அப்புறம் இங்கிலாந்துல ஐசிஐ கெமிக்கல் கம்பெனி காசு கொடுத்து, சார்லஸ் சிங்கர் தலைமையில ஆக்ஸ்போர்டு வெளியீடா 1954ல இருந்து 1958க்குள்ள அஞ்சு தடிமனான தொகுதி வந்துச்சு. எங்க காலேஜ் லைப்ரரியில இதெல்லாம் கிடையாது, ஸ்கேன்ல புரட்டிப் பாத்தேன். படம் எல்லாம் அருமை. ஆனா உலகம்னா அவங்களுக்குக் கிட்டத்தட்ட ஐரோப்பாதான், கிழக்குன்னா எகிப்து பாபிலோனோட சரி. அதே 1954ல நீடம்னு ஒரு இங்கிலீஷ்காரர் சீனாவோட அறிவியல், தொழில்நுட்ப வரலாறு பத்தி முதல் தொகுதி போட்டாரு. அவரு உயிர்வேதியியல்காரரு, 1937ல கேம்பிரிட்ஜுக்கு ஆராய்ச்சிக்கு வந்த லூ குவெய்-ஜென்ங்குற சீனப் பெண்ணோட பழகி, அந்த மொழியைக் கத்துக்கிட்டு, கடைசியில வாழ்நாள் பூரா அதுலயே போயிருச்சு. கப்பலுக்கு மட்டும் கிட்டத்தட்ட ஒரு புஸ்தகமே எழுதி வச்சிருக்காங்க. நமக்கு அப்படி ஒருத்தர் வாய்க்கலையேன்னு எனக்குப் பொறாமையா இருக்கும்.

1958ல அமெரிக்காவுல தொழில்நுட்ப வரலாறுக்குன்னு தனி சங்கம், 1959ல தனி பத்திரிகை. கிரான்ஸ்பர்க்னு ஒருத்தரு, கிளீவ்லாண்டுல இன்ஜினியரிங் பசங்களுக்கு வரலாறு எடுத்தவரு, அதாவது என்னைய மாதிரி கேஸு. முந்தின வருஷம்தான் ஸ்புட்னிக் பறந்து அமெரிக்காவே ஆடிப் போயிருந்துச்சு, அந்த நேரத்துல பிடிச்சுக்கிட்டாரு. அங்க இருந்துதான் இது முழு ஆராய்ச்சித் துறையா நின்னுச்சு. அவரு பேருல சொல்ற முதல் விதி ஒண்ணு எல்லாருக்கும் தெரிஞ்சது, டெக்னாலஜி நல்லதும் இல்ல கெட்டதும் இல்ல, அதுக்காக நடுநிலையும் இல்லன்னு. அதைப் படிச்சப்ப எனக்கு எங்க கரைதான் ஞாபகம் வந்துச்சு. நார்வேகாரங்களோட 1952ல ஒப்பந்தம் போட்டு கேரளாவுல படகுக்கு மோட்டார் வைக்க ஆரம்பிச்சது அப்படியே பரவி, இங்க இழுவை மடி வலை போட்டு, நாட்டுப்படகுக்கும் விசைப்படகுக்கும் வெட்டுக்குத்து ஆகி, கடைசியில வாரத்துல மூணு நாள் விசைப்படகு நாலு நாள் நாட்டுப்படகுன்னு நாள் பிரிச்சுக்கிட்ட கடல் இது. அந்த மூணு நாள் நாலு நாள் கணக்கு எந்த இன்ஜின் மேனுவல்லயும் இருக்காது. ஆனா அது இல்லாம அந்த இன்ஜின் பாக் ஜலசந்தியில ஓடவும் முடியாது.

நம்ம ஊருக்கு வருவோம். இந்தியாவுல பிரபுல்ல சந்திர ராய் 1902ல இந்து வேதியியல் வரலாறு முதல் தொகுதி போட்டாரு, 1966ல அறிவியல் வரலாறுக்குன்னு தனி ஜர்னல் வந்துச்சு, 1971ல தரம்பால். காந்தியவாதி, லண்டன் ஆவணக் காப்பகங்கள்ல உக்காந்து வெள்ளைக்காரங்க 18ஆம் நூற்றாண்டுல எழுதி வச்ச குறிப்புகளைத் தேடி எடுத்து, எஃகு காய்ச்சுறது, அம்மை குத்துறது, மெட்ராஸ் சுண்ணாம்புச் சாந்து எல்லாம் ஒரே புஸ்தகத்துல போட்டாரு. இதை வச்சுக்கிட்டு "எல்லாம் நம்ம முன்னோர் அப்பவே கண்டுபிடிச்சுட்டாங்க"ன்னு வாட்ஸ்அப்ல கூவுறவங்க அந்தப் புஸ்தகத்தைத் திறந்து பாத்திருக்க மாட்டாங்க. அவரு கொடுத்தது செய்முறை, எம்புட்டு சுண்ணாம்புக்கு எம்புட்டு மணல், என்ன கலக்கணும்ங்குற கணக்கு.

ஆனா எங்க கரைக்கே வந்து நோட்டு எடுத்தவரு ஜேம்ஸ் ஹார்னல். 1865ல பொறந்தவரு, மெட்ராஸ் மாகாண மீன்வளத் துறையில இருந்தவரு, கடைசியில அதுக்கு டைரக்டர். வேலை என்னமோ முத்துச்சிப்பி எத்தனை இருக்கு, சங்குல சர்க்காருக்கு எம்புட்டு வரும்னு பாக்குறதுதான். ஆனா மனுஷன் சங்கோட நிக்கல. நம்ம கடல்ல எடுத்த சங்கு எல்லாம் வங்காளத்துக்குப் போகுதே, ஏன்னு கூடவே போயிட்டாரு. டாக்காவுல ரெண்டு பக்கமும் கைப்பிடி வச்ச அரைவட்ட ரம்பத்துல சங்கை அறுத்து வளையல் செய்யுறதைப் பாத்து வரிக்கு வரி எழுதுறாரு. அப்புறம் திரும்பி வந்து கொற்கையில பழைய சங்குத் துண்டுகளை எடுத்துப் பாக்குறாரு, அதுல அறுத்த தழும்பு இருக்கு. அப்ப ஒரு காலத்துல சங்கு மட்டும் இல்ல, வளையல் அறுப்பும் இங்கயேதான் நடந்திருக்கு. 1913ல அதைக் கட்டுரையா போட்டாரு. ஒரு ரம்பத் தழும்புல இருந்து ஒரு தொழிலையே எழுப்பிட்டாரு பாருங்க. கீழக்கரையில சங்கு குளிக்கிற வீட்டுல பொறந்த என் சினேகிதன் கிட்ட சொன்னேன், "நாங்க குளிச்சோம்டா, அறுத்தது நாங்களான்னு எங்களுக்கே தெரியாது"ன்னான்.

1920ல அதே ஹார்னல் இந்தியப் படகு வடிவங்களைப் பத்தி ஒரு நீளக் கட்டுரை எழுதுனாரு, கட்டுமரம், தோணி, பக்கத்துல மிதப்புக் கட்டை வச்ச படகு, எதுத்த பக்கம் ஆளு ஏறி நின்னு பாரம் கொடுக்குற பலகை வச்ச படகுன்னு பாத்ததை எல்லாம். பாலினேசியாவுல இருந்து ஆளுங்க வந்துதான் இங்க சில படகு வடிவமே வந்துச்சுன்னு அவரு ஒரு முடிவுக்குப் போறாரு, அந்தக் காலத்து வெள்ளைக்காரங்களுக்கே உரிய முடிவு, எதைப் பாத்தாலும் எந்த இனம் எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்குற வியாதி. அந்த முடிவை விட்டுரலாம். எடுத்த அளவு நிக்குது.

அதுக்கு அப்புறம் 1950ல சென்னை கீழ்த்திசைச் சுவடி நூலகம் 'கப்பல் சாத்திரம்'னு ஒரு ஏட்டை அச்சுப் போட்டாங்க, மரம் பாக்குறது, அளவு, நல்லது கெட்டது எல்லாம் பாட்டா இருக்கு. அழகன்குளத்துல தொல்லியல் துறை 1980கள்ல இருந்து தோண்டுனதுல பானை ஓட்டுல கீறுன கப்பல் படம் கிடைச்சுச்சு. அந்தக் கப்பலைப் பத்தி எல்லாரும் பேசிட்டாங்க, ரோமானியக் கப்பல் மாதிரி இருக்குன்னாங்க. அந்த ஓட்டுல கீறுன ஆளு அதுக்கு அப்புறம் எத்தனை கப்பல் கட்டுற கரையைப் பாத்திருப்பான்னு எனக்கு யோசனை ஓடும், அது ஆராய்ச்சி இல்ல, சும்மா.

இப்ப வர்றதுதான் எனக்கு வயித்தெரிச்சல். 1990கள்ல இங்கிலாந்துல இருந்து ஷான் மெக்ரெய்ல்னு ஒருத்தரு, கடல்சார் தொல்லியல் பேராசிரியரு, அவரோட ஆளுங்களோட தமிழ்நாட்டுக் கரைக்கு வந்திருக்காங்க. வத்தை எப்படிக் கட்டுறாங்கன்னு பாக்க. இந்துமாக்கடல் பக்கம் பழைய வழக்கம் பலகையை முதல்ல சேத்து அப்புறம் உள்ள வங்கு வைக்கிறது, ஆனா இந்த வத்தையில வங்கை முதல்ல நிறுத்திட்டு அப்புறம் பலகை அடிக்கிறாங்க, அதுவும் வங்கோட வளைவை முன்கூட்டியே கணக்குப் போட்டு ஒரு பலகையில கீறி வச்சிருக்காங்கன்னு எழுதியிருக்காங்க. பேப்பர் இல்லாம, டிராயிங் இல்லாம, ஒரு பலகை. அந்தப் பலகையைப் பத்தி, அதுல இருக்குற கோட்டைப் பத்தி பக்கம் பக்கமா. கட்டுரை வந்தது அந்தப் பத்து வருஷத்தோட கடைசியில. எங்க வீட்டுப் பலகை அதே சமயம் சாம்பார் கொதிக்க வச்சுச்சு. அவங்க பாத்தது வேற ஊருப் பலகை, அய்யாவோடது இல்ல, தெரியும். இருந்தாலும் ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தப் பக்கத்தைப் படிச்சுட்டு எந்திரிச்சு வாசல்ல போயி உக்காந்துட்டேன். வீட்டம்மா என்னமோ ஏதோன்னு பயந்துருச்சு.

போன ஞாயித்துக்கிழமை சித்தப்பாவை வீட்டுக்கு வரச் சொன்னேன். இப்ப அவருக்கு 68. வத்தை கட்டி 20 வருஷத்துக்கு மேல ஆச்சு, பைபர் போட்டுக்கு ஓட்டை ஒட்டுற வேலைதான், கை பூரா ரெசின் அரிப்பு. நோட்டு, டேப்பு, போன் ரெக்கார்டர் எல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்தேன், பெரிய ஆராய்ச்சியாளர் மாதிரி. "அதை எழுதி என்னப்பா செய்யப் போற, வத்தை கட்டப் போறியா?"ன்னாரு. அப்புறம் நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் பதில் வரல. "அது பாத்தா தெரியும்", "அது கைக்கு வரும்", இம்புட்டுதான். திதரோ புலம்புனது பொய் இல்ல. ஒரு மணி நேரம் கழிச்சு அவரே சலிச்சுப் போயி, "ஏரா எத்தனை முழம்னு சொல்லு"ன்னாரு. ஏரான்னா படகோட அடிக்கட்டை, நான் வாய்க்கு வந்தபடி இருவது முழம்னேன். ஒரு சாக்பீஸ் கேட்டாரு. ஹால்ல இருந்த சோபாவைத் தள்ளச் சொன்னாரு. தென்னை மட்டையில இருந்து ஒரு சிலாம்பை சீவிக்கிட்டு வந்து, அதை வளைச்சு ரெண்டு பக்கமும் என் டிக்ஷனரியையும் அம்மிக் குழவியையும் முட்டுக் கொடுத்து, தரையில ஒரு வளைவு போட்டாரு. அது நடு வங்கு. அங்க இருந்து அணியத்தை, அதான் படகோட முன்பக்கத்தை, நோக்கி ஒவ்வொரு வங்கா, விரல் கணக்குல குறைச்சுக்கிட்டே. வாய் பேசவே இல்ல, கை மட்டும் போகுது. ஏழு வங்கு போட்டாரு. எட்டாவதுல கை நின்னுச்சு. சாக்பீஸை வச்சுட்டு தரையையே பாத்துக்கிட்டு இருந்தாரு. "இங்க அய்யா ஒரு கணக்கு வச்சிருந்தாரு, அது பலகையில இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு ஒரு குத்துமதிப்பா கோட்டைப் போட்டுட்டு, சாப்பிடாமயே பஸ் ஏறிட்டாரு.

அஞ்சு நாளா வீட்டுல யாரையும் ஹால்ல நடக்க விடல. வீட்டம்மா சுவத்தோரமா ஒதுங்கி ஒதுங்கிப் போகுது, பசங்களுக்கு அது ஒரு விளையாட்டு. போட்டோ எடுத்துட்டேன், டேப்பு வச்சு அளந்து கிராஃப் ஷீட்ல ஏத்திட்டேன், அந்த மண்டபத்துப் பையன் வந்து கம்ப்யூட்டர்ல போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்கான், அவன் மாமாவும் ஓடாவியாம், இம்புட்டு நாளா சொல்லவே இல்ல பாருங்க.

நேத்து ராத்திரி பத்தரை மணிக்கு சித்தப்பா போன் பண்ணுனாரு. எடுத்ததும் ஹலோ கிலோ ஒண்ணும் இல்ல. "அந்த எட்டாவது வங்கு, மேல ஒரு விரல் கொறைச்சுப் போடு, கீழ தொடாத, நான் தப்பா போட்டுட்டேன்"னாரு. நான் எந்திரிச்சு, ஈரத்துணியை எடுத்து, அந்த ஒரு கோட்டை மட்டும் அழிச்சுட்டு உக்காந்து போட ஆரம்பிச்சேன்.